ட்ரெய்லரைத் தூக்க ஒரே ஒரு வரி போதுமா?

சுழல்தட்டு:
டிவிடி நகலில், படத்துக்கு முன் ஓடும் காப்புரிமை எச்சரிக்கையையும் ட்ரெய்லரையும் தூக்குவது பற்றி மெனு இழையில் 'நேர்வழி' என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஃபர்ஸ்ட் பிளேயில ஒரு வரியை மாத்தி நேரா மெனுவுக்கு அனுப்பு, எச்சரிக்கையும் ட்ரெய்லரும் போச்சு, மத்ததெல்லாம் வித்தை காட்டுற வேலை" என்கிறார். சொந்தத் தட்டுக்கு நகல் எடுக்கும் புதியவர்கள் இதை நம்பினால் நகல் பாழ்.

பல தட்டுகளில் ஓட்டம் இப்படி இருக்கும். பிஜிசி என்பது எதை ஓட்டுவது, அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கட்டளைகள் என்று சொல்லும் தொகுப்பு. முதலில், தட்டைப் போட்டதும் ஓடும் ஃபர்ஸ்ட் பிளே பிஜிசி. அங்கிருந்து விஎம்ஜி மெனுவின் (தட்டு முழுவதற்குமான மெனு) 1-ஆம் பிஜிசி, எச்சரிக்கை அதில்தான். அதன் போஸ்ட் கமாண்ட் (காட்சிக்குப் பின் ஓடும் கட்டளை) ட்ரெய்லர் உள்ள டைட்டிலுக்குத் தள்ளும். ட்ரெய்லர் முடிந்ததும் கால்எஸ்எஸ் என்ற தாவல் கட்டளை வழியாக ரூட் மெனு, அதாவது படத்தின் முதன்மை மெனு. போகிற வழியெல்லாம் ரெஜிஸ்டர்கள் (பிளேயர் எண்களைக் குறித்துவைக்கும் நினைவிடங்கள்) நிரம்பும். பிளேயரில் பொது ரெஜிஸ்டர் 16, தட்டைப் போடும்போது எல்லாமே 0. ட்ரெய்லரின் ப்ரீ கமாண்டில் (காட்சிக்கு முன் ஓடும் கட்டளை) 'ஜி5 = 1', அதாவது ஜி5 என்ற ரெஜிஸ்டரில் 1 என்று இருக்கும்; அறிமுகம் முடிந்ததற்கான அடையாளம் அது. இப்போது ரூட் மெனுவின் ப்ரீ கமாண்டைத் திறந்து பாருங்கள்: 'ஜி5 = 0 என்றால் விஎம்ஜி பிஜிசி 1-க்குப் போ'. நேராகக் குதித்தால் ஜி5 0-வாகவே கிடக்கும். மெனு வராது, நீங்கள் துரத்திய அதே எச்சரிக்கைதான் வந்து நிற்கும்.

நேர்வழி:
வந்துட்டாரு வாத்தியார். ஜி5 தானே பிரச்சனை? ஃபர்ஸ்ட் பிளேயோட ப்ரீ கமாண்ட்லயே 'ஜி5 = 1' போட்டுட்டு அடுத்து மெனுவுக்குத் தாவுற ஜம்ப்எஸ்எஸ் கட்டளையைப் போட வேண்டியதுதான். ஒரு பிஜிசியில 128 கமாண்ட் வரைக்கும் இடம் இருக்கு. பிஜிசி எடிட் மென்பொருள்ல அரை நிமிஷ வேலை. நான் சொன்னது ஜம்ப். ஜம்ப் ஒரு வரி.

சுழல்தட்டு:
அப்போது இரண்டு வரி.

நேர்வழி:
ஜம்ப் ஒரு வரி. மேல இருக்கிறது முன்தயாரிப்பு. தமிழ்ல தானே எழுதியிருக்கேன்?

அரைவட்டம்:
ரெண்டு பேரும் யூஓபியை, அதான் ரிமோட் பொத்தானை வேலை செய்ய விடாத தடையை, மறந்துட்டீங்க. மெனு பொத்தானை அமுக்கினா குறுக்கே கோடு போட்ட வட்டம் வருதே, அதுதான் ஜனங்களுக்கு உண்மையான தொல்லை. மொத்தம் 25 தடை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண்: 7 அடுத்த அத்தியாயம், 8 வேகமா ஓட்டுறது, 10 டைட்டில் மெனு, 11 ரூட் மெனு. இதை எடுத்துட்டாலே தாண்டிப் போயிடலாம், கட்டளையைத் தொடவே வேணாம்.

ஆனா கட்டளைகள் இருக்கிற ஐஃபோ கோப்புல மட்டும் எடுத்துட்டு நிறுத்திடாதீங்க. பிஜிசியில ஒரு தடை, காட்சி இருக்கிற வாப் கோப்புக்குள்ள ஒவ்வொரு நேவ் பேக்கிலயும் (நடுநடுவே வர்ற வழிகாட்டித் துண்டு) தனியா ஒரு தடை. ரெண்டுல எது தடுத்தாலும் பிளேயர் தடுக்கும். இன்னொண்ணு, கணினியில விஎல்சி மென்பொருள்ல ஓட்டிப் பார்த்துட்டு 'தடை போயிடுச்சு'ன்னு எழுதாதீங்க. விஎல்சி அந்தத் தடைகளை மதிக்கிறதே இல்ல. அழிச்சு எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தட்டுல எழுதி, டிவிகூட இருக்கிற பிளேயர்ல போட்டுப் பார்க்கணும்.

நேர்வழி:
தடையை எடுத்தா பொத்தான் அமுக்கணும். என் ஒரு வரியில பொத்தானே வேணாம்.

சுழல்தட்டு:
மறுபடியும் ஒரு வரி! ஜி5 என்பது எளிய உதாரணம். ஒரே ரெஜிஸ்டரில் 16 பிட். தயாரித்தவர் அதில் ஒரு பிட்டை மொழிக்கும், ஒன்றை வசன வரிக்கும், ஒன்றை 'அறிமுகம் முடிந்தது' என்பதற்கும் வைத்திருப்பார். நீங்கள் '= 1' என்று போட்டால் மற்ற பிட்டெல்லாம் அழிந்துவிடும். மெனு அழகாக வரும், படமும் ஓடும். வசன வரியைத் தேர்ந்தால் வராது, இரண்டாவது ஒலித்தடத்தைத் தேர்ந்தால் முதல் தடமே ஒலிக்கும். நகல் கெட்டுவிட்டது என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

சரியான வழி: எதையும் தாண்டாதீர்கள். கட்டளைகள் அத்தனையும் ஓடட்டும், காட்சி மட்டும் ஓட வேண்டாம். பிஜிசி எடிட்டில் ட்ரெய்லர் பிஜிசியைத் தேர்ந்து கில் பிளேபேக் கொடுங்கள். ப்ரீ கமாண்டுகளின் கடைசியில் லிங்க் டெயில் பிஜிசி என்று ஒரு கட்டளை சேரும். ப்ரீ முழுதாக ஓடும், செல்களை (காட்சித் துண்டுகள்) தொடாமல் போஸ்டுக்குப் போகும். ரெஜிஸ்டர் எல்லாம் தயாரித்தவர் நினைத்த மதிப்பிலேயே இருக்கும்.

அதற்கு முன் பிஜிசி எடிட்டின் ட்ரேஸில் (கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டும் வசதி) ஒருமுறை முழுதாக ஓட்டி, எந்த பிஜிசியில் எந்த ரெஜிஸ்டர் மாறுகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு மறுபடி ஓட்டி, ரூட் மெனு வாசலில் 16 மதிப்பையும் ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் எழுதாதீர்கள்.

நேர்வழி:
உங்க லிங்க் டெயில் எத்தனை வரி? ஒண்ணு! அப்ப ஒரு வரி போதும்னு நீங்களே சொல்லிட்டீங்க.

சுழல்தட்டு:
மூன்று ட்ரெய்லர் மூன்று பிஜிசியில் இருந்தால் மூன்று வரி, எச்சரிக்கைக்கு ஒன்று, ஆக நான்கு. எண்ணவும் நானே சொல்லித்தர வேண்டுமா?

மௌனத்தடம்:
லிங்க் டெயில்லயும் ஒரு ஓட்டை இருக்கு, அதைச் சொல்லாம விட்டுட்டீங்க. செல் கமாண்ட்! செல் ஓடி முடிஞ்சாத்தான் செல் கமாண்ட் ஓடும். நீங்க செல்லையே தொடாம போனா அதுல இருக்கிற 'ஜி7 = 2' எப்படி ஓடும்? வாப் பிளாங்கர் மென்பொருள்ல அந்தச் செல்லை வெறுமையாக்கினா, கண்ணிமைக்கிற நேரக் கறுப்புத் திரையோட செல் இருக்கும், கமாண்டும் ஓடும், இடமும் மிஞ்சும். ரெண்டு நிமிஷ ட்ரெய்லர் மூணு, விநாடிக்கு 6 மெகாபிட்னு வைங்க: 360 விநாடி, 270 எம்பி. நேர்வழி முறையில அந்த 270 எம்பியும் யாரும் பார்க்காம தட்டுலயே கிடக்கும்.

நேர்வழி:
இடத்தைப் பத்தி யாரு கேட்டா?

சுழல்தட்டு:
செல் கமாண்ட் எனக்குத் தெரியாதா? செல் கமாண்ட் உள்ள பிஜிசிக்குக் கில் பிளேபேக் போடக் கூடாது என்பது ட்ரேஸ் பார்த்தவனுக்குத் தானாகவே தெரியும். அதனால்தான் முதலில் ட்ரேஸ் என்றேன். போன மாத லேயர் பிரேக் (இரட்டை அடுக்குத் தட்டில் முதல் அடுக்கு முடிந்து இரண்டாவது தொடங்கும் இடம்) விவாதத்திலும் மௌனத்தடம் கடைசியில் வந்து, நான் சொன்னதையே எனக்கு எதிராகத் திருப்பினார்.

மௌனத்தடம்:
அங்கேயும் நீங்க சொன்னது பாதிதான். வாப் சின்னதானா எல்லா முகவரியும் முன்னால நகரும், பழைய பிரேக் இடம் உதவாது. புது இடம் ஒரு செல்லோட தொடக்கமா இருக்கணும், அதோட செக்டர் (தட்டுல ஒரு சின்ன அளவு இடம்) எண் 16-ஆல வகுபடணும், முதல் அடுக்கு ரெண்டாவதைவிடச் சின்னதா இருக்கக் கூடாது. டிவிடி பிளஸ் ஆர் இரட்டை அடுக்குத் தட்டுல முதல் அடுக்குக்கு 20,86,912 செக்டர்தான் உச்சம். இந்த உச்சத்தை நான்தான் சொன்னேன், பதிவு இன்னும் இருக்கு.

சுழல்தட்டு:
16-ஆல் வகுபட வேண்டும் என்று முதலில் எழுதியது நான்.

கோப்புறை:
எதுக்கு இவ்வளவு சண்டை? மேக்எம்கேவி மென்பொருள்ல படத்தை மட்டும் எம்கேவி கோப்பா ஆக்கிட்டா எச்சரிக்கை, ட்ரெய்லர், தடை எதுவுமே இருக்காதே.

சுழல்தட்டு:
மெனுவும் இருக்காது. டிவிடி மட்டும் படிக்கிற பிளேயரில் அந்தக் கோப்பை வைத்து என்ன செய்வது? தட்டு தட்டாகவே இருக்க வேண்டும் என்பவர்களுக்கான இழை இது.

அரைவட்டம்:
இன்னும் யாரும் பியூபி (ஐஃபோவோட காப்பு நகல்) பத்திப் பேசல. ஐஃபோவைத் திருத்தினா பியூபியும் அதே நகலா இருக்கணும். பிஜிசி எடிட் ரெண்டையும் சேர்த்தே எழுதும். ஹெக்ஸ் எடிட்டர்ல கைவேலை பாக்குறவங்க மறந்துடுவாங்க. ரெண்டும் தட்டுல ஒரே 32 கேபி தொகுதிக்குள்ள விழாம பாத்துக்கணும். ஒரு கீறல் விழுந்தா ரெண்டும் சேர்ந்து போயிடும், அப்புறம் பியூபி இருந்து என்ன பயன்?

நேர்வழி:
இதெல்லாம் சரி, ஆனா கேள்வி அது இல்ல. தட்டு உள்ள போனதும் முதல்ல ஓடுறது எது? ஃபர்ஸ்ட் பிளே. அதைத் திருப்பிட்டா பின்னாடி இருக்கிற எதுவும் ஓடாது. ஒரு வரி.

சுழல்தட்டு:
"பின்னாடி இருக்கிற எதுவும் ஓடாது" என்பதுதான் கோளாறே! ஓட வேண்டிய கட்டளையும் அங்கேதான் இருக்கிறது. டைட்டிலில் இருக்கும் கட்டளையைத் தூக்கி ஃபர்ஸ்ட் பிளேயில் அப்படியே ஒட்டவும் முடியாது. டைட்டிலில் செல்லும் கால்எஸ்எஸ் அங்கே செல்லாது, ஜம்ப்எஸ்எஸ் ஆக மாற்றி எழுத வேண்டும். படம் முடிந்து மெனுவுக்குத் திரும்பும்போதும் அதே ரெஜிஸ்டரைத்தான் போஸ்ட் கமாண்ட் பார்க்கும். அங்கே ஜி5 தவறானால் இரண்டு மணி நேரப் படம் பார்த்து முடித்தவருக்குக் கடைசியில் எச்சரிக்கை வரும்.

நேர்வழி:
அதான் ஜி5 = 1 போடச் சொன்னேனே.

மௌனத்தடம்:
ஜி7?

நேர்வழி:
அதையும் சேர்த்துக்கோங்க. ஜம்ப் ஒரு வரிதான்.

சுழல்தட்டு:
ஜி7-க்கு 2 என்பது ட்ரேஸ் போடாமல் உங்களுக்கு எப்படித் தெரியும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நேர்வழி:
முதல்ல ஜம்ப் எத்தனை வரின்னு நீங்க சொல்லுங்க.