இறந்துபோன தம்பியின் குரல் கேட்கிறது: நிச்சயதார்த்தத்துக்கு முன் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: சோனாங்குப்பத்தான், கடலூர்

நேராகவே கேட்டுவிடுகிறேன். 2004 சுனாமியில் இறந்துபோன என் தம்பியின் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. வரும் தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். பெண்ணிடம் சொல்ல வேண்டுமா, சொல்லாமலே இருந்துவிடலாமா? அதற்கும் முன்னால், இது நோயா?

எங்களுடையது மீனவர் குடும்பம். அப்போது எனக்கு 11 வயது, தம்பிக்கு 7. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை என்பதால் பையன்கள் எல்லாரும் கரையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். அம்மா கடைக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்பினார். கையில் இருந்த மட்டையோடு கிளம்பிவிட்டேன். "அண்ணே, மட்டையைக் கொடுத்துவிட்டுப் போ" என்று பின்னாலிருந்து கத்தினான். அவன் பக்கம் வீசிவிட்டு ஓடினேன். இன்றைக்கும் கேட்பது அந்த வார்த்தைகள்தான், அந்தக் குரல்தான்.

தினமும் கேட்பதில்லை. காலையில் புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் கண் சொருகும் நேரத்தில் வரும். விடியற்காலை விழிப்புக் கொடுக்கும்போது வரும். எங்கேயாவது பையன்கள் கூட்டமாக விளையாடும் சத்தத்துக்கு நடுவிலும் வரும். திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும், தெரிந்தேதான் திரும்புகிறேன்.

புதுச்சேரியில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். கிளையிலேயே கலகலப்பான ஆள் யார் என்று கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார்கள். கோபமாக வரும் வாடிக்கையாளரை என்னிடம்தான் அனுப்புவார்கள். ஊர் எது என்று கேட்டால் கடலூர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எங்கள் குப்பத்துப் பேச்சு வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் அலுவலகத்தில் எல்லாரும் சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் பாரடைஸ் கடற்கரைக்குப் போனோம். அவர்கள் தண்ணீரில் இறங்கியதும், எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லிவிட்டு எல்லாருடைய பைகளுக்கும் செல்போன்களுக்கும் காவலாக மணலில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே முகத்துவாரத்தில் நீந்தியவன் நான். டிசம்பர் 26 வந்தால் காய்ச்சல் என்று விடுப்பு எடுப்பேன். கரையில் பால் ஊற்றிவிட்டு, மறுநாள் சிரித்துக்கொண்டே போய்க் கவுண்டரில் உட்காருவேன்.

இது எப்போது ஆரம்பித்தது என்றுகூட எனக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு முகாமுக்கு வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் காகிதமும் வண்ணப் பென்சிலும் கொடுத்து, மனதில் தோன்றுவதை வரையச் சொன்னார்கள். மற்றப் பையன்கள் கறுப்புக் கறுப்பாக அலையை வரைந்தார்கள். நான் ஓட்டு வீடும் தென்னை மரமும் சூரியனும் வரைந்து கொடுத்தேன். "இந்தப் பையன் தேறிவிட்டான்" என்றார்கள். பக்கத்தில் நின்ற அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து எல்லாருக்கும் அந்த வீட்டையும் தென்னை மரத்தையும்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெண் நல்லவள். "எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடித்தது" என்றாள். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அவளுக்குப் பிடித்திருப்பது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனை. அவளோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறவன் பாதி ராத்திரியில் எழுந்து உட்காருகிறவன்.

பதில்: முந்திரித்தோப்பு, பண்ருட்டி

தம்பி, சொல்லாதீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குத் தூக்கத்தில் பேசும் பழக்கம் உண்டு. பேச்சுவாக்கில் அது மாப்பிள்ளை வீட்டின் காதுக்குப் போனது. நான்கு வாய் மாறியதும் "பேய் பிடித்த பெண்" என்று ஆகி, பத்திரிகை அடித்த கல்யாணம் நின்றுபோனது. அந்தப் பெண் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். உங்கள் தம்பி உங்களோடு இருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும். ஊருக்கு எதற்கு?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், புதுச்சேரி

மனநலப் பிரிவில் பல வருடங்கள் பணியாற்றியவள் என்ற முறையில், நோயா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இறந்தவரின் குரல் கேட்கிறது என்பதை மட்டும் வைத்து அதை நோய் என்று சொல்ல முடியாது. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி, 1971-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள். சிலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், சிலர் குரலைக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: அப்படி உணர்ந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல், அந்த மருத்துவர் வந்து கேட்கும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேலி செய்வார்களோ என்ற பயம்! எங்கள் வார்டில் கணவனை இழந்த ஒரு பாட்டியம்மா, நான் கதவைச் சாத்திய பிறகுதான் இதைச் சொன்னார். அப்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

தூக்கம் பிடிக்கும் நேரத்திலும் விழிக்கும் நேரத்திலும் குரல் கேட்பது எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் உண்டு. மருத்துவர் உங்களிடம் வேறு சிலவற்றைக் கேட்பார். இதைச் செய், அதைச் செய் என்று அந்தக் குரல் ஏவுகிறதா? முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் உங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோலக் கேட்கிறதா? யாரோ உங்களுக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வலுக்கிறதா? சாப்பாடும் வேலையும் கெடுகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் தள்ளிப்போடக் கூடாது. தண்ணீருக்குள் வா என்று தம்பி கூப்பிடுவதுபோல ஒரு தடவை கேட்டாலும் அன்றைக்கே போயாக வேண்டும்.

நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் தூக்கம் இல்லை என்கிறீர்கள், அதற்காகவாவது காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. வங்கிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

பண்ருட்டிக்காரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் பெண்ணிடம் சொல்வது வேறு, பெண் வீட்டில் சொல்வது வேறு.

பதில்: முந்திரித்தோப்பு, பண்ருட்டி

அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. பெண்ணிடம் மட்டும் என்றால் எனக்கு மறுப்பு இல்லை.

பதில்: துறைமுகத்துக்காரி, கடலூர் முதுநகர்

தம்பி, அதே ஞாயிற்றுக்கிழமை ஒரு மகளைக் கடலுக்குக் கொடுத்தவள் நான். சில மாதம் கழித்து மறுபடியும் மீன் விற்கப் போனேன். அழுத முகத்தோடு கூடையை இறக்கினால் யார் வாங்குவார்கள்? சிரித்தேன், பேரம் பேசினேன், பக்கத்துக் கூடைக்காரியோடு சண்டையும் போட்டேன். அந்த முகம்தான் மீதி இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. அதனால் உங்கள் கவுண்டர் முகத்தைப் பொய் என்று நினைத்துக் கூசாதீர்கள். அடகு வைக்க நகையோடு வருகிறவர்களில் எத்தனை பேர் உள்ளுக்குள் உடைந்துபோய் வருகிறார்கள்! அவர்கள் கோபத்தை நீங்கள் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்றால், அந்தப் பொறுமை தம்பியைப் பறிகொடுத்தவனிடமிருந்துதான் வருகிறது.

எனக்குப் பொறுக்காதது அந்த நீச்சல் பொய்யும் காய்ச்சல் பொய்யும்தான். குரலைப் பற்றி அலுவலகத்தில் மூச்சு விட வேண்டாம். ஆனால் "நான் சோனாங்குப்பத்துப் பையன், சுனாமியில் தம்பி போய்விட்டான், 26-ம் தேதி எனக்கு விடுப்பு வேண்டும்" என்று சொல்வதில் என்ன குறைந்துவிடும்? காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்து ஊற்றுகிற பால் அந்தப் பிள்ளைக்கு மரியாதை இல்லை.

பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள். போனில் வேண்டாம், ஹோட்டல் மேஜையிலும் வேண்டாம். தேவனாம்பட்டினம் கரைக்கு அழைத்துப் போங்கள். "குரல் கேட்கிறது" என்று ஆரம்பித்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். தம்பியிலிருந்து ஆரம்பியுங்கள். எதை விரும்பிச் சாப்பிடுவான், எப்படி அடம்பிடிப்பான், யார் சாயல் என்று சொல்லுங்கள். முதலில் அவளுக்கு ஒரு கொழுந்தன் கிடைக்கட்டும். பிறகு மட்டை கேட்டதைச் சொல்லுங்கள், இன்றைக்கும் கேட்கிறான் என்பதைக் கடைசியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் அம்மாவிடம் இதைப் பேசியிருக்கிறீர்களா?

பதில்: சோனாங்குப்பத்தான், கடலூர்

எல்லாருக்கும் நன்றி. அக்காவின் கடைசிக் கேள்விதான் தைத்தது. எங்கள் வீட்டில் தம்பியின் பெயரை எடுத்தாலே அம்மா ஏதாவது வேலையைச் சொல்லிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவார். நேற்று இரவு அவர் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். பயந்துவிடுவார், வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே. பெற்றவள் இங்கே இருக்கும்போது உன்னிடம் மட்டும் எதற்கு வருகிறான்?" என்றார்.

கருவாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அதே குரலா, வளர்ந்த குரலா என்று கேட்டார். அதே ஏழு வயதுக் குரல் என்றேன். சொல்லிக்காட்டச் சொன்னார். சொன்னேன். "அண்ணே" என்பதை அவன் அப்படிச் சொல்ல மாட்டான் என்று, எந்த இடத்தில் இழுப்பான் என்பதை எனக்குத் திருத்திக் காட்டினார்.

செவிலியர் அம்மா, 14416-ல் பேசினேன். தூக்கத்தைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்கள், நேரிலும் காட்டச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை ஜிப்மருக்குப் போகிறேன். பெண்ணிடம் ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்தில் பேசப்போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார். இந்த ஒரு தடவை மட்டும் நான் தனியாகப் போகிறேன் என்று கேட்டிருக்கிறேன்.

எல்லாரிடமும் ஓர் உதவி. வீட்டில் இருந்த போட்டோக்கள் எல்லாம் அலையோடு போய்விட்டன, தம்பியின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. 2004-ல் எங்கள் பகுதித் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துக் குழுப்படம் எடுத்தார்கள். அந்த வகுப்பில் படித்தவர்களோ பாடம் எடுத்த ஆசிரியர்களோ இங்கே இருந்து, யாரிடமாவது அந்தப் படம் மிஞ்சியிருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். பின் வரிசையில், இடது ஓரத்தில் நின்றவன் அவன்.