புளி தட்டும் வீட்டில் ஒரு ஷிட்சு

எங்கள் பர்கூர் பக்கம் நாய் என்றாலே காவல்தான். மாந்தோப்புக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று. வீட்டுக்குள் வளர்க்கிறவர்கள் வெள்ளைப் பொமரேனியன் வைத்திருப்பார்கள். அதுவும் வாசலில் ஆள் நின்றால் தொண்டை வற்றக் குரைக்கும். அக்கா வேலை விஷயமாக வெளிநாடு போக வேண்டி வந்து, பெங்களூரில் வளர்த்த மிட்டு என்ற ஷிட்சு இன நாயை எங்களிடம் விட்டபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "இது குரைக்குமா?"

குரைப்பாள், ஆனால் காவலுக்கு ஆகமாட்டாள். சிலிண்டர் போட வருகிறவரைப் பார்த்தாலும் மிட்டு வாலாட்டிக்கொண்டு போய் நிற்பாள். அவள் இனமே அப்படி. திபெத்திய நாய்களின் வழிவந்து, சீன அரண்மனையில் மனிதர்களின் மடியிலும் காலடியிலும் இருப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்ட நாய் இது. பேரரசி சிஷி 1908-இல் இறந்த பிறகு அரண்மனை நாய்கள் சிதறிப்போயின. 1930 வாக்கில் சில இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று உலகில் உள்ள ஷிட்சுக்கள் எல்லாமே வெறும் 14 நாய்களிலிருந்து வந்தவை என்பார்கள். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "அப்போ ஆள்கூட இருக்கிறதுதான் இதோட வேலை" என்றார். அதற்கப்புறம் குரைப்பதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அந்த வேலையை அவள் எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாள் என்பதைப் புளி சீசனில்தான் பார்த்தேன். மாசி, பங்குனியில் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அம்மாவும் அப்படித்தான். மதியம் முழுக்க டக் டக்கென்று சத்தம். மிட்டு அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் முட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால் கூடவே எழுவாள், உட்கார்ந்தால் உட்காருவாள். முட்டி வலியோடு தனியாக உட்கார்ந்து வேலை செய்த அம்மா, இப்போது அவளிடம் பேசிக்கொண்டே தட்டுகிறார்.

தடுப்பூசிக்குக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போனபோது, அம்மாவின் விரலில் இருந்த புளிக்கறையைப் பார்த்துவிட்டுக் கால்நடை மருத்துவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய செய்தி. நாய்க்குத் திராட்சை ஆகாது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஏன் ஆகாது என்பது நெடுங்காலம் பிடிபடாமலே இருந்தது. அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021-இல் அமெரிக்காவில் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் புளியில் ஏராளம். புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களும் உண்டு. ஷிட்சுவின் எடை நாலு கிலோவிலிருந்து ஏழு கிலோவுக்குள்தான் இருக்கும். பெரிய நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவுகூட இதற்கு ஆபத்தாகலாம். தின்றுவிட்டால், வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். புளித் தொழில் இவ்வளவு நடக்கிற மாவட்டத்தில் இது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது அம்மா வேலை செய்யும்போது மிட்டு பக்கத்துக் கயிற்றுக் கட்டிலில் இருப்பாள். கூட்டிப் பெருக்கிய பிறகுதான் கீழே விடுகிறோம். அவளுக்கு அம்மா கண்ணில் பட்டால் போதும், படுத்துக்கொள்கிறாள்.

மாம்பழக் காலத்தில் கொட்டையைப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். சதை வாசனைக்கு விழுங்கிவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சைவரை போகும்.

அப்புறம் வெயில். நாய்க்கு நம்மைப் போல் உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இந்த இனத்துக்கு மூக்கு குட்டை, மூச்சுப்பாதையும் குறுகல். ஓசூரில் சமாளித்துவிடலாம், சித்திரை, வைகாசியில் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் வெயில் ஏறுவதற்குள் நடை முடிந்துவிட வேண்டும். மூச்சு கொர்ர் என்று இழுத்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, மின்விசிறிக்கு அடியில் கிடத்திவிட்டு மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

வெயிலுக்கு நல்லது என்று மொட்டை அடிக்கச் சொல்லிப் பலர் யோசனை தந்தார்கள். தோல் தெரிய மழித்தால் வெயில் நேராகத் தோலில் படும். ஒரு அங்குலம் விட்டுக் கத்தரிப்பதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது. இதன் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருக்கும், அதிகம் உதிராது. அதனாலேயே காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்கு விழும். தினமும் சீவ வேண்டும். தோப்புக்குப் போய்வந்தால் கால் விரல் இடுக்கில் ஊசிப்புல், காதுக்குள் உண்ணி இரண்டையும் தேட வேண்டும். கண் பெரிது, குழி ஆழமில்லாதது. கழுத்தைப் பிடித்து இழுத்தாலோ பிடரியைப் பிடித்துத் தூக்கினாலோ கண்ணுக்கே ஆபத்து. கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு நெஞ்சில் மாட்டும் பட்டை வாங்கினோம்.

ஓசூரில் தெரிந்த ஒரு தம்பதி, இருவரும் சிப்காட்டில் வேலை. அவர்கள் ஷிட்சு நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் கிடந்து, முன்னங்காலைப் புண்ணாகும்வரை நக்கிக்கொண்டிருந்தது. மருந்து போட்டும் ஆறவில்லை. கீழ்வீட்டுப் பாட்டியிடம் பகலில் விட ஆரம்பித்த பிறகுதான் நக்குவது நின்று முடி முளைத்தது. பாட்டிக்குத் தெலுங்குதான் பேச வரும். நாய்க்கு இப்போது இரண்டு மொழியிலும் கூப்பிட்டால் புரிகிறது. பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு இந்த இனத்தை நான் சொல்லவே மாட்டேன்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியே இருக்கிறது. ஆனாலும் கண் திறந்த கையோடு கூடையில் வைத்து விற்கிறார்கள். அது பால் மறக்காத குட்டி, வழியிலேயே நோய் பிடிக்கும். வளரும் இடத்துக்கு நேரில் போங்கள், தாய் நாயைப் பாருங்கள். அது மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, காட்ட முடியாது என்று சாக்குச் சொன்னாலோ, முன்பணம் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, திரும்பி வந்துவிடுங்கள்.