புதுப்பிப்பு: வீட்டிலிருந்து இரவுப் பணி – எது கைகொடுத்தது?

அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தபடி நியூயார்க் குழுவுக்கு மென்பொருள் எழுதும் எனக்கு, வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் எல்லையே இல்லாமல் போகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்னும் பொமோடோரோ முறை மின்னஞ்சல்களுக்குப் பொருந்தியது. நிரல் எழுதும்போதோ சிந்தனை கூடிவரும் வேளையில் மணி அடித்ததால் அதை விட்டுவிட்டேன்.

உண்மையில் பலன் தந்தது, வேலைக்கு முன்னும் பின்னும் வெளியே நடந்துவரச் சொன்ன பாளையங்கோட்டை அண்ணாச்சியின் வழிதான். பிற்பகலில் தாமிரபரணிப் படித்துறை வரை நடந்துவிட்டு, நேராக மச்சிலுள்ள மேசைக்குச் செல்கிறேன். இரவில் வேலை முடிந்ததும், மறுநாள் முதலில் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி, அதை மடிக்கணினியோடு அலமாரியில் வைத்துப் பூட்டி, தெருக்கோடி வரை நடந்துவந்த பிறகே படுக்கிறேன். பாதியில் நின்ற வேலை தாளில் ஏறிவிடுவதால், படுத்தபின் அது மனத்தில் ஓடுவதில்லை. இதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

எதிர்பாராதது ஒன்று உண்டு. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதால், அவர்களுடைய காலை 9 மணிக் கூட்டம் நமக்கு மாலை 6.30-இலிருந்து 7.30-க்குத் தள்ளிப்போகிறது, மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இதே நிலைதான். ஆகவே இரவு உணவைக் கூட்டத்துக்கு முன்பே வீட்டாரோடு முடித்துக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில் பிடித்துக்கொள்வதால், மழை நாட்களில் வீட்டுத் தார்சாவிலேயே (முன்கூடத்திலேயே) நடக்கிறேன். அதுவும் போதுமானதாக இருக்கிறது.