மலிவு விலைச் சுருட்டுக்கு மார்க் போடுவது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். கட்டாக வரும் மலிவு விலைச் சுருட்டுகளைப் பிடித்துப் பார்த்து, 100-க்கு மார்க் போட்டு நோட்டில் எழுதி வருகிறேன். அதில் ஒரு சிக்கல், அனுபவசாலிகள் வழி சொல்லுங்கள்.

ஒரே கட்டில் வந்த இரண்டு சுருட்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று கடைசிவரை சீராக எரிகிறது. அடுத்ததை இழுத்தால் கன்னம்தான் உள்ளே போகிறது, புகையைக் காணோம். விரலால் அழுத்தினால் பட்டைக்குக் கீழே ஓரிடம் கட்டியாகத் தட்டுப்படுகிறது. பெரும்பாலும் இவை ஷார்ட் ஃபில்லர், அதாவது துண்டு இலை அடைத்தவை. தூள் நாக்கில் ஒட்டுவதும் சாம்பல் பொலபொலவென உதிர்வதும் அவற்றின் பிறவிக்குணம். அதற்காக மார்க்கைக் குறைப்பது நியாயமா? முழு இலை வைத்த லாங் ஃபில்லரோடு ஒரே தராசில் நிறுத்தலாமா?

அடுத்து, கடைசி மூன்றில் ஒரு பங்கில் ஏறும் கசப்பு. நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் போவதில்லை, ஆகவே சூட்டினால் வருவதாகத் தோன்றவில்லை. 65% ஈரப்பதப் பையோடு டப்பாவில் மூடித்தான் வைக்கிறேன். சில வாரம் கிடந்தால் அம்மோனியா வாடை அடங்குகிறது, கசப்பு மட்டும் அசைய மறுக்கிறது. ஈரத்தை இன்னும் குறைக்கணுமா, இல்லை இலையே அப்படித்தானா?

(“விட்டுத் தொலை” என்ற அறிவுரை வீட்டிலேயே தினமும் கிடைக்கிறது. நியாயமானதுதான்.)

விலையை மார்க்கில் சேர்ப்பீர்களா? தனியாக எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ‘இந்தக் காசுக்கு இது போதும்’ என்று ஆரம்பித்தால் எல்லாமே 85-ஐத் தாண்டிவிடும். எத்தனை சுருட்டு பிடித்தபின் மார்க்கை முடிவு செய்கிறீர்கள்? உங்கள் மார்க் அட்டை இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள்.