உதவி: ஹீட்டர் போட்டும் அறை சூடாகவில்லை, இட்லி மாவும் பொங்கவில்லை

மதுரைமல்லி | ஞாயிறு இரவு 8.50
அவசரமாக எழுதுகிறேன். மலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம். புது ஹீட்டர் வாங்கினோம். இரண்டு மணி நேரம் ஓடினாலும் முழங்கால் மட்டும்தான் சுடுகிறது, முதுகு சில்லென்றே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை, ஊக்கால் குத்தி எடுக்கிறேன். ஹீட்டரைக் கடையில் மாற்றச் சொல்லலாமா? இட்லி மாவும் இரண்டு நாளாகப் பொங்கவில்லை.

கோத்தகிரிகோபு | 8.58
எந்த ஊர் என்றே சொல்லவில்லையே. ஓட்டு வீடா, தகரமா, கான்கிரீட்டா? ஹீட்டர் எத்தனை வாட்? ராடு சிவப்பாக எரிவதா, காற்று ஊதுவதா?

மலைப்பாதை76 | 9.04
இந்தக் கேள்வி வருடா வருடம் நவம்பரில் வரும், பிப்ரவரி வரை ஓடும். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, சொல்கிறேன்: வோல்டேஜ். மாலையில் எல்லா வீட்டிலும் கெய்சர் ஓடும்போது 180க்கு இறங்கும். 230இல் 2000 வாட் தரும் ஹீட்டர் 180இல் ஏறக்குறைய 1225 வாட்தான் தரும். ஹீட்டர் மேல் குறை இல்லை. மீட்டர் வைத்து அளந்து எண்ணை இங்கே போடவும்.

மூஞ்சிக்கல்அக்கா | 9.10
தங்கச்சி, கொடைக்கானலில் முப்பது வருஷமாக இருக்கிறேன், ஹீட்டர் வாங்கியதே இல்லை. குளிர் தரையிலிருந்து ஏறும். கோரைப்பாய், அதன் மேல் ஜமுக்காளம், காலில் கம்பளி சாக்ஸ், படுக்கையில் வெந்நீர்ப் பை. போதும். மாவுக்கு உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள். பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கி வையுங்கள்.

கேத்திக்காரர் | 9.15
உப்பு போட்டுக் கையால் கலக்கினால்தான் அக்கா பொங்கும். கைச்சூடு வேண்டும்.

மூஞ்சிக்கல்அக்கா | 9.17
கைச்சூடு மதுரையில் இருக்கும் தம்பி. இங்கே கை ஐஸ்கட்டி. உப்பு புளிப்பை மெதுவாக்கும். ஊரில் அது நல்லது, மலையில் கெடுதல்.

மதுரைமல்லி | 9.31
ஊட்டி, பிங்கர்போஸ்ட் பக்கம். வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவைத் தடுத்து நாலு குடித்தனம் விட்டிருக்கிறார்கள், அதில் முன் ஹால் எங்களுக்கு. 2000 வாட், காற்று ஊதுவது. அளக்க மீட்டர் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருக்கிறோம், பிளக் கொஞ்சம் சுடுகிறது. படம் போட்டிருக்கிறேன்.

கோத்தகிரிகோபு | 9.36
முதலில் அந்த எக்ஸ்டென்ஷனைக் கழற்றுங்கள். 2000 வாட் என்றால் எட்டு, ஒன்பது ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக்குக்கு ஆறுதான் அளவு. கெய்சருக்குப் போடும் பெரிய பாயின்ட் வேண்டும்.

கேத்திக்காரர் | 9.38
பங்களா ஹால் என்றால் கூரை பதினான்கு அடியாவது இருக்கும். சூடெல்லாம் உத்தரத்துக்குப் போகும். நம் நீலகிரிப் பழங்குடி தொதவர்களின் பழைய குடிசையைப் பாருங்கள், தவழ்ந்து நுழையும் வாசல், தாழ்ந்த கூரை. குளிர் தெரிந்தவர்கள் கட்டியது. வெள்ளைக்காரன் உயரமாகக் கட்டினான், விறகு போட அவனுக்கு ஆள் இருந்தது.

மலைப்பாதை76 | 9.41
கூரை எல்லாம் அப்புறம். வோல்டேஜ்?

கோத்தகிரிகோபு | 9.47
ஒரு நிமிஷம். படத்தில் ஹீட்டருக்குப் பின்னால் கறுப்பாக இருப்பது ஃபயர்பிளேஸா? சாமி படம் வைத்திருக்கிறீர்களே, அதற்குக் கீழே.

மதுரைமல்லி | 9.52
ஆமாம், பழசு. பயன்படுத்துவதில்லை. பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறது, அதனால் ஹீட்டரை அங்கே வைத்தோம்.

கோத்தகிரிகோபு | 9.55
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அதன் வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால், காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றெல்லாம் சிம்னி வழியே தொட்டபெட்டாவுக்குப் போகிறது என்று அர்த்தம். போன காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே பனிக்காற்று வரும். முதுகு சில்லிடுவது அதனால்தான். வாயைப் பிளைவுட் பலகையால் மூடி ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். கதவடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வையுங்கள்.

மதுரைமல்லி | 10.06
ஊதுபத்திப் புகை சர்ரென்று உள்ளே போகிறது!! நாளைக்கே பலகை அடிக்கிறோம். மாமியார் ராத்திரி இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கொண்டுவந்து வைப்பார், அந்தச் சூடும் வீணாகிறது போல. எல்லோரும் ஹாலில்தான் படுக்கிறோம். இந்தக் குளிருக்குக் காலையில் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி வேறு.

கேத்திக்காரர் | 10.08
குளிருக்கு அப்படித்தான். காதை மூடிக் குல்லா போட்டுப் படுங்கள்.

அப்பர்குன்னூர் | 10.11
இத்தனை நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். குல்லா பேச்சை விடுங்கள். மல்லி, அந்தக் கரிச்சட்டியை இப்போதே வெளியே வையுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள். நான் செவிலியர். எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலி, காலையில் மட்டும், வெளியே போனால் தெளிகிறது என்றால் அது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவாக இருக்கலாம். அதற்கு வாசனை இல்லை. புகையில்லாமல் கனன்று எரியும் கரிதான் அதிகம் விடும், ஆனால் பார்க்கச் சாதுவாக இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. தூக்கத்தில் தெரியவே தெரியாது. இத்தனை நாள் உங்களைக் காப்பாற்றியது அந்தத் திறந்த சிம்னியாகத்தான் இருக்கும். அதையும் மூடிக் கரியையும் உள்ளே வைத்தால்... வேண்டாம், எழுதவே கை வரவில்லை. யாருக்காவது வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் 108.

கோத்தகிரிகோபு | 10.14
நான் கரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. என் தப்பு. பலகை அடிப்பதென்றால் அந்த அறையில் நெருப்பே கூடாது, கேஸ் ஹீட்டரும் சேர்த்து. மல்லி, படித்தீர்களா?

அப்பர்குன்னூர் | 10.29
மல்லி? சட்டி வெளியே போயிற்றா?

மூஞ்சிக்கல்அக்கா | 10.40
தங்கச்சி ஒரு வார்த்தை போடும்மா. எங்கள் ஊரிலும் 2024இல் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை.

மலைப்பாதை76 | 10.44
தூங்கியிருப்பார்கள். ஆனாலும் அடிப்படை விவரம் தராமல் கேள்வி கேட்டால் இப்படித்தான் ஆகும்.

அப்பர்குன்னூர் | 10.45
"தூங்கியிருப்பார்கள்" என்பதுதான் சார் பயமே.

கேத்திக்காரர் | திங்கள் காலை 6.20
குல்லா சொன்னதற்கு மன்னிக்கவும். யாரிடமாவது அவர்கள் நம்பர் இருக்கிறதா?

மதுரைமல்லி | புதன் மாலை 5.15
எல்லோரும் நலம். அன்றைக்குச் சட்டியை வெளியே வைத்துவிட்டுச் சார்ஜ் இல்லாமல் படுத்துவிட்டேன், பிறகு எழுத நேரமே இல்லை, மன்னித்துவிடுங்கள். திங்கள், செவ்வாய் தலைவலி இல்லை. மாமியாருக்கு வெந்நீர்ப் பை வாங்கியாயிற்று, அதை யாருக்கும் தர மாட்டேன் என்கிறார். பலகை அடித்தபின் ஹால் பரவாயில்லை. பெரிய பிளக் பாயின்டுக்கு எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார். மாவு ஸ்வெட்டருக்குள் இருக்கிறது, இன்னும் பொங்கவில்லை.

மூஞ்சிக்கல்அக்கா | 5.22
உப்பு போட்டாயா?

மலைப்பாதை76 | 5.40
எலக்ட்ரீஷியன் வரும்போது வோல்டேஜை அளக்கச் சொல்லவும்.