புதுப்பிப்பு: பாதுகாப்புக் குழுவில் யாருக்கு எந்தத் துறை?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் ஓர் ஆலையின் நான்கு பேர் பாதுகாப்புக் குழுவுக்குத் துறைகளை எப்படிப் பிரிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். கட்டட வாரியான பிரிவைக் கைவிட்டோம். அப்படிப் பிரித்தால் ஒரே கரைப்பானுக்கு நான்கு பேரும் நான்கு விதமாக விதி சொல்வார்கள். இப்போது ஆபத்து வாரியாக: ரசாயனம், இரைச்சல், இயந்திரம், மூடிய இடம் (தொட்டி போன்றவை). ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு மாற்றாள்.

அதிகம் நழுவுவது புகை உறிஞ்சும் காற்றுக்குழாய் அமைப்பு. பராமரிப்புப் பிரிவுக்கும் ரசாயனப் பொறுப்பாளருக்கும் நடுவில் அது அநாதையாகிவிடும். மலேசியாவின் 2000ஆம் ஆண்டு ரசாயன விதிகளின்படி மாதம் ஒருமுறை பார்வையிட வேண்டும், 12 மாதத்துக்குள் ஹைஜீன் டெக்னீஷியன் (இத்தகைய அமைப்புகளைச் சோதிக்கப் பதிவு பெற்றவர்) சோதிக்க வேண்டும். இரண்டு தேதிகளும் ரசாயனப் பொறுப்பாளர் பெயரில்தான்.

மூடிய இடத்துக்கு மாற்றாள் பெயரளவில் இருந்தால் போதாது. வாயு சோதிப்பவரின் சான்றிதழ் காலாவதியானால் அன்று உள்ளே இறங்க பேர்மிட்டே கிடையாது. தொட்டியின் மேல், நடு, அடி மூன்றிலும் அளக்க வேண்டும்: முதலில் ஆக்ஸிஜன் (19.5 முதல் 23.5 விழுக்காடு), பிறகு எரியும் வாயு, கடைசியில் நச்சு வாயு. இந்த வரிசை முக்கியம். ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் கேட்டலிட்டிக் சென்சார் (வாயுவை எரித்து அளக்கும் உணரி) எரியும் வாயுவைக் குறைத்தே காட்டும்.

இரைச்சல் சுலபம்: தினசரி அளவு 82 டெசிபெலைத் தாண்டினால் மதிப்பீடு, 85 வரம்பு.

ஃபோர்க்லிஃப்ட் இயந்திரப் பொறுப்பாளரிடம். பேட்டரி சார்ஜ் அறையில் ஹைட்ரஜனும் அமிலமும் இருப்பதால் அது ரசாயனத்துக்குப் போனது.