வால்வு பிரீஆம்ப் வாங்கலாமா? பவர் ஆம்ப் கையில் இருக்கிறது

சாரல்_புளியரை:
வணக்கம். செங்கோட்டை தாண்டி புளியரை நம்ம ஊர். புனலூரில் இருக்கும் மாமா தன் பவர் ஆம்பை, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டியை, எனக்குக் கொடுத்துவிட்டார். வால்யூம் திருகு கிடையாது. முழு சத்தத்துக்கு 1 வோல்ட், உள்ளீட்டு மின்தடை 47 கிலோ ஓம் என்று பின்னால் போட்டிருக்கிறது. 2 வோல்ட் தரும் டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) ஒன்று இருக்கிறது. அப்புறம், அப்பா நடத்திய ரெக்கார்டிங் சென்டரில் மிஞ்சிய டர்ன்டேபிள், எம்எம் கார்ட்ரிட்ஜோடு (ஊசியின் அசைவைச் சிக்னலாக்கும் காந்த வகை). ஆம்ப் ஸ்பீக்கர் பக்கம், மற்றவை எதிர்ச்சுவர் அலமாரியில். நடுவே 5 மீட்டர் ஒயர். பட்ஜெட் 20 ஆயிரம். 20 டெசிபல் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உள்ள வால்வு பிரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் வைக்கும் பெட்டி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். முடிக்கலாமா?

ஆரியங்காவு_மைக்செட்:
தம்பி, அவசரப்படாதீங்க. ஆம்ப் கேட்பது 1 வோல்ட், டிஏசி தருவது 2. அதைப் போய் இன்னும் 10 மடங்கு பெருக்கி என்ன செய்யப் போகிறீர்கள்? வால்யூமைக் கொஞ்சம் அசைத்தாலே வீடு அதிரும். சாதாரண பாட், அதாவது வால்யூம் திருகில், இடதும் வலதும் ஒத்துப்போகாத இடமும் அந்த ஆரம்பம்தான். ராத்திரி மெதுவாக வைத்தால் பாடுகிறவர் நடுவில் நிற்காமல் ஒரு ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்துவிடுவார்.

உங்களுக்குக் குறைவது ஃபோனோ ஸ்டேஜ், அதாவது டர்ன்டேபிள் சிக்னலைப் பெருக்கிச் சரிசெய்யும் பெட்டி. எம்எம் கார்ட்ரிட்ஜில் வருவதே 5 மில்லிவோல்ட் அளவுதான். போதாததற்கு எல்பி ரெக்கார்டு வெட்டும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றிவிடுகிறார்கள். ஆர்ஐஏஏ வளைவு என்பது அதுதான்: 1 கிலோஹெர்ட்ஸை வைத்துப் பார்த்தால் 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபல் குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் அதே அளவு கூடுதல். அதைத் திருப்பிச் சரிசெய்யாவிட்டால் கொசு பாடுகிற மாதிரி கேட்கும். நீங்கள் பார்த்த வால்வு பெட்டியில் ஃபோனோ இருக்கிறதா என்று கேட்டீர்களா? லைன் (டிஏசி மாதிரி ஏற்கெனவே பலமான சிக்னலுக்கானது) மட்டும் என்றால் டர்ன்டேபிளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

காசை நல்ல ஃபோனோவில் போடுங்கள். டிஏசியா டர்ன்டேபிளா என்று மாற்ற ஒரு செலக்டர், 10 கிலோ ஓம் ஸ்டீரியோ பாட், ஒரு டப்பா. மற்றது அவ்வளவுதான்.

பாலக்காட்டான்:
அண்ணாச்சி, 5 மீட்டர் ஒயரை வெறும் பாட் வைத்து ஓட்டினால் ட்ரெபிள் செத்துவிடாதா? பஃபர் (நீள ஒயரை ஓட்டும் சின்ன ஆம்ப்) வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஆரியங்காவு_மைக்செட்:
எல்லாரும் சொல்வார்கள், கணக்குப் போட மாட்டார்கள். 10 கிலோ ஓம் பாட்டின் வெளியீட்டு மின்தடை மோசமான இடத்திலும் 2.5 கிலோ ஓம் சுமார்தான். ஒயரின் மின்தேக்கம் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வையுங்கள், மொத்தம் 500. ட்ரெபிள் 3 டெசிபல் இறங்குவது 100 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே. வௌவாலுக்கு வேண்டுமானால் குறை தெரியும். 100 கிலோ ஓம் பாட் போட்டால்தான் அது காதுக்கு எட்டும் வட்டாரத்துக்கு இறங்கி வரும். அதை வாங்காதீர்கள்.

பாலக்காட்டான்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபோனோ கெயின் 40 டெசிபல் என்றால் 5 மில்லிவோல்ட் அரை வோல்ட்தான் ஆகும். 1 வோல்ட் கிடைக்க, 46 டெசிபல் வரை மாற்ற முடிகிற ஃபோனோவாகப் பாருங்கள். அது 10 கிலோ ஓம் சுமையைத் தாங்குமா என்றும் கேளுங்கள். வால்வு ஃபோனோ என்றால் சில சமயம் திணறும்.

சாரல்_புளியரை:
நன்றி அண்ணாச்சி, நன்றி பாலக்காட்டாரே. வால்வுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டர்ன்டேபிளிலிருந்து தனியாக ஒரு மெல்லிய ஒயர் தொங்குகிறதே, அதை என்ன செய்ய?

ஆரியங்காவு_மைக்செட்:
அது எர்த் ஒயர். ஃபோனோ பெட்டியின் பின்னால் திருகு இருக்கும், அதில் கட்டுங்கள். விட்டுவிட்டால் ஹம் அடிக்கும். ஃபோனோவை டர்ன்டேபிள் பக்கத்திலேயே வையுங்கள். நீள ஒயர் ஃபோனோவுக்குப் பிறகுதான், முன்னால் வேண்டாம். ஐப்பசி இடிக்கு ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.